மதிலுக்கு வெளியே உள்ள திருக்கோயில்

(திருக்குட நன்னீராட்டுப் பெருவிழாவினையொட்டி நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கும்பாபிஷேகம் என்னும் திருக்குட நன்னீராட்டு நிகழும் வேளையில், கூடியிருப்போர் கண்கள் யாவும் விமானத்தின் உச்சியில் விளங்கும் கலசத்தின்மேல் பதிந்து நிற்கின்றன. அக்கலசத்தின்மீது புனிதநீர் சொரியும் அந்த ஒரு கணத்திற்காகவே பல நாட் கிரியைகள் நடைபெறுகின்றன. அக்கிரியைகளுக்கு வேண்டுவன யாவை என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் தகும்.

தொடக்கத்திலே நிற்கும் சடங்குகளுள் ஒன்று மிருத்சங்கிரகணம் என்னும் மண்ணெடுத்தல். தூய இடத்து மண்ணைக் கொணர்ந்து பாலிகைகளில் இட்டு, நவதானியங்களை விதைத்து, அவை முளைத்துச் செழித்தலை நன்னிமித்தமாகப் பெரியோர் கொள்வர். ஒன்பது கோள்களுக்கும் உரிய சமித்துக்களோ எருக்கு, புரசு, கருங்காலி, நாயுருவி, அரசு, அத்தி, வன்னி ஆகியவற்றின் சுள்ளிகளும், அறுகும் தருப்பையுமாம். குடத்தை நிரப்புவது நீர். அதன் வாயில் வைப்பது மாவிலையும் தேங்காயும். ஆக, மண்ணும் நீரும் மரமும் புல்லும் இன்றேல் திருக்குட நீராட்டு இல்லை. கோபுரத்தை மனிதன் எழுப்பலாம். கலசத்திற்குப் பொன் பூசலாம். குடத்தினுள் இருக்கும் நீரையும், பாலிகையில் தலைநீட்டும் முளையையும் எந்தச் சிற்பியும் செய்து தருதல் இயலாது. அவை மதிலுக்கு வெளியே உள்ள மற்றொரு திருக்கோயிலிலிருந்து வருவன. அத்திருக்கோயில், மலையும் காடும் ஏரியும் கழியுமாகத் தாம்பரத்தைச் சூழ்ந்து சில கல் தொலைவிற்குள்ளேயே அமைந்திருக்கின்றது என்பதை எடுத்துக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

மலை

தாம்பரத்திலிருந்து வடக்கே இரயிலேறுவோர் பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை என்னும் குன்றுகளை நாள்தோறும் கடந்து செல்கின்றனர். கடந்து செல்வோருள் எத்தனை பேர் அவற்றின் வயதை நினைந்திருப்பர்? அக்குன்றுகளின் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டு முதுமை வாய்ந்தது. நிலநூற் புலவர் தாமசு ஆலந்து என்பவர் இப்பகுதிப் பாறையை ஆராய்ந்து, கல்கத்தாவில் உள்ள யோபு சார்னாக்கு என்பாரின் கல்லறைக் கல்லும் இவ்வினத்ததே எனக் கண்டு, சார்னகைட்டு என்று அதற்குப் பெயரிட்டார். அப்பெயரே இன்று உலகெங்கும் நிலநூலார் நாவில் வழங்குகின்றது.

இம்மலைச் சாரலில் மனிதன் வாழ்ந்த காலமும் சிறிதன்று. 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், இராபர்ட்டு புரூசு பூட்டு என்னும் நிலநூல் அறிஞர் பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் பழங்கற்கால மனிதன் செதுக்கிய கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். இந்திய நாட்டின் தொல்பழங்கால ஆராய்ச்சிக்குக் கால்கோள் செய்த நாள் அதுவே. பின்னாளில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் பல்லாவரத்துக் குன்றைக் குடைந்து குகைக் கோயில் அமைத்துத் தன் விருதுப் பெயர்களை அதிற் பொறித்தான். திரிசூலத்தில் குன்றுகள் அரண்போல் சூழ நின்ற தாழ்நிலத்தில், சோழர் காலத்துத் திருக்கோயிலில் திரிசூலநாதர் திரிபுரசுந்தரியுடன் எழுந்தருளியிருக்கின்றார். மலைக்கு நடுவே கோயில் கண்ட முன்னோர் மலையையும் சேர்த்தே வழிபட்டனர்.

ஆயின், 250 கோடி ஆண்டுகள் நின்ற குன்றுகளுட் பல, சென்ற நூற்றாண்டில் வெடிமருந்தாலும் கல்லுடைக்கும் எந்திரத்தாலும் சில பத்தாண்டுகளில் பள்ளமாயின. சாலைக்கும் வீட்டிற்கும் சல்லி வேண்டும் என்பது உண்மை. மலை மீண்டும் முளையாது என்பதும் உண்மை.

நீர் சூழ்ந்த மலை

பல்லாவரத்திற்கு மேற்கே திருநீர்மலை என்னும் திவ்விய தேசம் உள்ளது. நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு திருக்கோலங்களில் எம்பெருமான் அடியார்க்கு அருள் செய்யும் தலம் அது. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற திருக்கோலம். குன்றின்மேல் நரசிங்கர் வீற்றிருக்க, அரங்கநாதர் பள்ளி கொள்ள, உலகளந்தான் நடந்த திருக்கோலத்தனாய் விளங்குகின்றான். திருமங்கையாழ்வார் இத்தலத்தை வழிபட வந்தபோது குன்றைச் சுற்றிலும் நீர் அரண்போலச் சூழ்ந்து நின்றது என்றும், அந்நீர் வடியும்வரை ஆறு திங்கள் அவர் காத்திருந்து பின்னரே சேவித்தார் என்றும் தல வரலாறு கூறுகின்றது.

இவ்வரலாற்றை ஆழ்வாரின் பக்திப் பெருக்கிற்குச் சான்றாக எடுத்துரைப்பர். அதனோடு மற்றொரு பொருளும் இதில் அடங்கியிருக்கின்றது. திருநீர்மலையைச் சுற்றியுள்ள நிலம் நீருக்குரிய நிலம். செம்பரம்பாக்கம் ஏரியின் மிகைநீர் வந்து அடையாற்றில் கலப்பதும் இவ்வூரை அடுத்தே. நீருக்குரிய இடத்தில் நீர் நிற்கும்போது, ஆழ்வார் அதனோடு பிணங்கவில்லை; அதனை வெட்டி வெளியேற்ற முற்படவும் இல்லை; காத்திருந்தார். பின்வந்தோர்க்கு அப்பொறுமை இல்லாது போயிற்று. கால்வாய்கள் குறுகின, ஏரி வயிற்றில் மனைகள் எழுந்தன. 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரும் வரதராசபுரமும் வெள்ளத்துள் ஆழ்ந்தன. மாடிகளில் நின்ற மக்களைப் படகு கொண்டு மீட்க நேர்ந்தது. அன்று ஊருக்குள் புகுந்த நீர் வழி தவறி வந்ததன்று. தன் பழைய வழியை நினைந்து வந்தது.

காடு

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில் மேடவாக்கத்தை அடுத்து நன்மங்கலம் காப்புக்காடு உள்ளது. 320 ஹெக்டேர் அளவினதாகிய இக்காட்டில் வானளாவும் மரங்களோ அருவிகளோ இல்லை. சூரையும் காரையும் களாவும் செறிந்த முட்புதர்க் காடு இது. கோடையில் காய்ந்து நிற்கும். ஐப்பசி மழையில் ஒரு கிழமைக்குள் பசுமை போர்த்தி நிற்கும். கடற்கரையை அடுத்த தொண்டை நாட்டிற்கு இயற்கை அளித்த காடு இத்தன்மையதே. இதனைப் பயனற்ற புறம்போக்கு என்று எண்ணுதல் அறியாமையாகும்.

இக்காட்டினுள்ளே கைவிடப்பெற்ற கற்குழியொன்று மழைநீர் நிறைந்து சுனையாயிற்று. அதன் செங்குத்தான பாறை விளிம்புகளில் கொம்பன் ஆந்தை கூடமைத்து வாழத் தொடங்கிற்று. தலையில் இரு கொம்புபோல் நிமிர்ந்த இறகும், செம்மஞ்சட் கண்ணும் உடைய அப்பெரும் பறவையைக் காணவே பறவை நூலார் பலர் நன்மங்கலத்திற்கு வருகின்றனர். ஆந்தையின் குரலைத் தீநிமித்தம் என்று அஞ்சுவோர் உளர். அதே ஆந்தையைத் திருமகளின் ஊர்தியாகப் போற்றும் வழக்கமும் பாரத நாட்டில் உண்டு. வயலிலும் களத்திலும் தானியத்தைக் கொள்ளை கொள்ளும் எலிகளே அதன் முதன்மை உணவு என்பதை அறிந்தோர், இரண்டாவது கருத்தே பொருத்தமானது என்பதை உணர்வர். மனிதன் உடைத்த மலையின் புண்ணிலேயே ஓர் உயிர் குடியேறி அதனை ஆற்றியது வியப்பன்றோ! கேடு செய்த கை சற்றே விலகி நின்றால் இறைவன் படைப்பு தானே திருப்பணி செய்து கொள்கின்றது.

தெற்கே வண்டலூரில் காப்புக்காட்டை ஒட்டி அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா விளங்குகின்றது. இதன் வரலாறு நெடியது. 1855ஆம் ஆண்டில் எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர் சென்னை அருங்காட்சியகத்தில் விலங்குச் சாலையைத் தொடங்கினார். பின்னர் அது சென்ட்ரல் இரயில் நிலையத்தை அடுத்த பீப்பிள்ஸ் பார்க்கிற்கு மாறியது. இரைச்சலும் நெருக்கடியும் மிகுந்த அவ்விடத்திலிருந்து விலங்குகள் வண்டலூருக்குக் கொணரப்பெற்று, 1985ஆம் ஆண்டில் புதிய பூங்கா திறக்கப்பெற்றது. இன்று 602 ஹெக்டேர்ப் பரப்பில் அது விரிந்துள்ளது. கூட்டினுள் உள்ள புலியைக் காண வருவோர், கூட்டிற்கு வெளியே மரத்திலிருந்து மரத்திற்குத் தாமே பறந்து திரியும் உள்ளூர்ப் பறவைகளையும், ஓட்டேரி நீர்நிலையையும் காணத் தவறலாகாது. காட்சிக்கு வைத்தது ஒரு பங்கு. காடு தானே வைத்திருப்பது பல பங்கு.

தாம்பரத்தின் நடுவிலேயே சேலையூர்க் காட்டின் ஒரு பகுதி 365 ஏக்கர் அளவில் உயிரோடு இருக்கின்றது. 1937ஆம் ஆண்டு சென்னை நகரிலிருந்து இவ்விடம் பெயர்ந்த கிறித்துவக் கல்லூரியார், புதர்க்காட்டை முற்றும் அழியாது பேணினர். வேதியியற் பேராசிரியர் எட்வர்டு பார்ன்சு என்பார் வளாகத்து மரஞ்செடிகளைத் தம் பிள்ளைகள்போல் வளர்த்தார். அங்கே புள்ளிமான்கள் இன்றும் உலவுகின்றன. கிண்டியிலோ, பழைய ஆளுநர் மாளிகைத் தோட்டத்தின் ஒரு பகுதி 1978ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டரேயாகிய அச்சிறு காட்டில் புள்ளிமானோடு வெளிமானும் வாழ்கின்றது. இடம் சிறிதாயினும் காப்பவர் உளராயின் உயிர்கள் தழைக்கும் என்பதற்கு இவை சான்று.

கழிவெளி

நன்மங்கலத்திற்குக் கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். முன்னோர் இதனைக் கழிவெளி என்றனர். நன்னீரும் உவர்நீரும் கலந்து நிற்கும் இத்தாழ்நிலத்திற்கு, தென்சென்னைப் புறநகரின் பல ஏரிகளது மிகைநீர் படிப்படியாக வந்து சேர்கின்றது. ஒக்கியம் மடுவின் வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கோவளத்துக் கழிமுகத்திற் கடலிற் கலக்கின்றது. மழைநாளில் வெள்ளத்தை உண்டு தேக்கி, பின்னர் மெல்ல விடுவதே இதன் தொழில். பூநாரையும் கூழைக்கடாவும் நீலத்தாழைக் கோழியும் நீளவால் இலைக்கோழியும் இதன் விருந்தினர். தாமரை இலைமேல் நீளவால் இலைக்கோழி நடந்து செல்லுங்கால் இலை சற்றே அமிழ்ந்து எழும் காட்சியைக் கண்டோர் மறவார்.

ஒரு காலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்திருந்த இக்கழிவெளியின் பெரும்பகுதி சாலையாகவும் கட்டடமாகவும் பெருங்குடிக் குப்பை மேடாகவும் மாறியது. எஞ்சியதைக் காக்க 2007ஆம் ஆண்டில் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பெற்றது. 2022ஆம் ஆண்டில் 1,247 ஹெக்டேர்ப் பரப்பு ராம்சார் நிலமாக உலக நாடுகளின் பட்டியலில் இடம்பெற்றது. 1971ஆம் ஆண்டு ஈரான் நாட்டு ராம்சார் நகரில் கூடிய நாடுகள் நீர்நிலங்களைக் காப்பதற்குச் செய்து கொண்ட உடன்பாட்டின் பெயரால் அமைந்த சிறப்பு அது. வீட்டுக் குப்பையை எறியும் இடம் என்று ஊரார் நினைத்த நிலத்தை, உலகம் செல்வம் என்று மதித்திருக்கின்றது.

ஏரி காத்தவரும் புள் காத்தவரும்

தாம்பரத்திற்குத் தெற்கே மதுராந்தகத்தில் ஏரி காத்த இராமர் திருக்கோயில் உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டுச் சீமையின் கலெக்டராக இருந்த லயனல் பிளேசு துரை, ஆண்டுதோறும் பெருமழையில் உடைந்து வந்த மதுராந்தகம் ஏரிக்கரையை எண்ணிக் கவலையுற்றிருந்தார். கோயிலார் தாயார் சன்னிதித் திருப்பணிக்கு உதவி வேண்டினர். உங்கள் பெருமான் இவ்வாண்டு ஏரியைக் காப்பாராயின் திருப்பணியை முடித்துத் தருவேன் என்றார் துரை. மழை பொழிந்த இரவில் கரையைக் காணச் சென்றவர், வில்லேந்திய வீரர் இருவர் ஒளியுடன் கரைமேல் காவல் நிற்கக் கண்டு வியந்தார் என்றும், கரை உடையவில்லை என்றும், அவரே சனகவல்லித் தாயார் சன்னிதியைக் கட்டுவித்தார் என்றும் வரலாறு வழங்குகின்றது. அவர் பெயர் தாங்கிய கல்வெழுத்தும் அக்கோயிலில் உண்டு.

இது பலரும் அறிந்த செய்தி. பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. மதுராந்தகத்திற்கு அண்மையில் உள்ள வேடந்தாங்கல் ஏரியில் வந்து தங்கும் பறவைகளுக்குத் தீங்கு செய்தலாகாது என்று 1798ஆம் ஆண்டில் ஊரார்க்குக் கௌல் அளித்தவரும் அதே லயனல் பிளேசு துரைதான். வேட்டையாடுவோர் பறவைகளைச் சுடுதல் பொறாது ஊரார் முறையிட்டதன் பயனாக அக்கௌல் பிறந்தது என்பர். இந்திய நாட்டுப் பறவைப் புகலிடங்களுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்றாக வேடந்தாங்கல் இன்று மதிக்கப்பெறுகின்றது.

ஊரார் ஏன் முறையிட்டனர்? அவர்கள் உழவர். 30 ஹெக்டேர் அளவினதாகிய அவ்வேரியில் நீர்க்கடம்பு மரங்கள் நீருள் நின்று செழிக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை தொட்டு நத்தைகுத்தி நாரையும் மஞ்சள் மூக்கு நாரையும் துடுப்பு மூக்கனும் பாம்புத்தாராவும் நீர்க்காகமும் வக்காவும் அம்மரங்களில் நெருங்கிக் கூடு கட்டுகின்றன. ஊசிவால் வாத்து முதலியன இமயத்திற்கு அப்பாலிருந்து வந்து சேர்கின்றன. அவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலிற் பாயும்போது அதுவே உரமாகின்றது. பறவைக்கு ஊரார் இடம் கொடுத்தனர்; பறவை ஊரார்க்கு விளைவு கொடுத்தது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் புகலிடத்தை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி ஊரார், பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கும் வெடி கொளுத்துவதில்லை. பண்டிகையின் மகிழ்ச்சியில் ஒரு பங்கை வாயில்லா உயிர்க்கு விட்டுக்கொடுத்த அவர்கள் செயல் எந்த நன்கொடைக்கும் குறைந்ததன்று.

ஏரிக்கரையையும் தாயார் சன்னிதியையும் பறவைக் குலத்தையும் ஒருவர் காலத்திலேயே, ஒரு சீமையிலேயே சேர்த்துக் காத்த வரலாறு இது. கோயில் திருப்பணி வேறு, நீர்நிலைக் காவல் வேறு என்று பிரித்துக் காணும் வழக்கம் அன்று இருந்ததில்லை.

பறவை வாராத உச்சிப்பொழுது

செங்கற்பட்டிற்குக் கிழக்கே திருக்கழுக்குன்றம். வேதங்களே மலையாயின என்று போற்றப்பெறும் வேதகிரி அது. அடிவாரத்துச் சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை சங்கு தோன்றும் அற்புதத்தை அன்பர்கள் அறிவர். இத்தலத்திற்குப் பட்சி தீர்த்தம் என்னும் பெயரும் வழங்குகின்றது. சாபம் பெற்ற முனிவர் இருவர் கழுகு வடிவில் நாள்தோறும் உச்சிப்பொழுதில் இக்குன்றிற்கு வருவர் என்பது புராணம். அவ்வண்ணமே வெண்ணிற இறகும் மஞ்சள் முகமும் உடைய பாறுகள் இரண்டு வானிலிருந்து இறங்கி, அருச்சகர் கையிலிருந்து சருக்கரைப் பொங்கலை உண்டு சென்றன. நூற்றாண்டு பலவாக நடந்த இக்காட்சியைக் காண அயல்நாட்டாரும் வந்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளோடு அவ்வருகை நின்று போயிற்று. அதே காலத்தில் இந்திய நாடெங்கும் பாறு இனங்கள் பேரழிவிற்கு உள்ளாயின. வெண்முதுகுப் பாறு என்னும் இனம் பதினைந்து ஆண்டுகளுக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மறைந்தது. கால்நடைகளின் வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து, அவை இறந்தபின் ஊனோடு பாறுகளின் வயிற்றிற் சென்று சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது என 2004ஆம் ஆண்டில் அறிஞர் கண்டறிந்தனர். 2006ஆம் ஆண்டில் கால்நடைக்கு அம்மருந்தைத் தருதல் இந்திய நாட்டில் தடை செய்யப்பெற்றது. தமிழகத்தில் இன்று பாறுகள் முதுமலையை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் குறிப்பிடத்தக்க அளவில் எஞ்சியுள்ளன.

அன்பர்களே! திருக்கழுக்குன்றத்தில் மலை இருக்கின்றது, கோயில் இருக்கின்றது, வேதகிரீசுவரர் எழுந்தருளியிருக்கின்றார். பூசையில் யாதொரு குறைவும் இல்லை. ஆயினும், தலத்திற்குப் பெயர் தந்த பறவை இல்லை. மதிலுக்கு உள்ளே நடக்கும் வழிபாடு எத்துணைச் செம்மையாக நடப்பினும், மதிலுக்கு வெளியே உள்ளது அழியுமாயின் தலத்தின் பெருமை குன்றும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

எஞ்சி நிற்கும் திருப்பணி

இந்நன்னாளில் கோபுரத்திற்கும் மதிலுக்கும் மண்டபத்திற்கும் பொருள் வழங்கிய செல்வர்களின் அறம் போற்றற்குரியது. அவ்வறத்தின் நீட்சியாகச் சில கடமைகள் எஞ்சி நிற்கின்றன. கோயில் குளத்தைத் தூர் வாரினால் மட்டும் போதாது. குளத்திற்கு நீர் கொணரும் கால் அடைபட்டிருப்பின், தூர் வாரிய குளமும் வெறும் பள்ளமே. ஆதலின், வரத்துக் காலையும் போக்குக் காலையும் தேடிக் கண்டு திறத்தல் வேண்டும். தலமரத்தைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் இட்டு அதன் வேரை நெரித்தலாகாது. நந்தவனத்தில் வில்வமும் வன்னியும் புரசும் கருங்காலியும் நட்டால், அடுத்த கும்பாபிஷேகத்திற்குச் சமித்து வெளியூரிலிருந்து வர வேண்டுவதில்லை. பன்னிரண்டு ஆண்டில் அவை நன்கு வளர்ந்துவிடும். குன்றேறுவோர் பிளாஸ்டிக் பைகளை அங்கே விட்டு வருதல் ஆகாது. ஊர் ஏரியைப் பட்டா நிலமாக்க முயல்வோர்க்குத் துணை நில்லாமையும், ஏரிக்குள் மனை வாங்காமையும் இக்காலத்தின் பெரிய அறங்கள்.

கலசத்தில் இன்று சொரிந்த நீர் விமானத்தின்மேல் வழிந்து மண்ணிற் சேர்ந்தது. அம்மண்ணின் ஈரத்தில் வேரூன்றும் அறுகும், அதனை உண்ணும் ஆவும், அவ்வாவின் பாலால் நாளை நிகழும் திருமஞ்சனமும் ஒரே தொடராக நிற்கின்றன. தாம்பரமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் தம் குன்றுகளையும் காடுகளையும் ஏரிகளையும் கழிவெளியையும் காத்து, பன்னிரண்டு ஆண்டுகட்குப்பின் வரும் திருக்குட நன்னீராட்டிற்குத் தம் ஊர் மண்ணையும் தம் ஊர் நீரையும் குறைவின்றி அளிக்கும் பேறு பெறுக! மழை வளம் சிறக்க! புள்ளும் மாவும் இனிது வாழ்க! திருப்பணிச் செல்வர்கள் நீடூழி வாழ்க!